பினைல்புரோபனோலமைன் சிரப்: பெண் நாய்களின் சிறுநீர்க் கசிவுக்கான மருந்து குறித்த மதிப்புரை

கருத்தடை அறுவை செய்யப்பட்ட பெண் நாய்கள் சிலவற்றுக்கு, அறுவை முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழிந்த பிறகு, படுத்திருக்கும்போதும் உறங்கும்போதும் தம்மை அறியாமல் சிறுநீர் கசியத் தொடங்குகிறது. இந்த நிலைக்குப் பிரிட்டனில் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதிக் கொடுக்கும் மருந்து பினைல்புரோபனோலமைன். அதை வெட்டோகுவினோல் நிறுவனம் புரோபாலின் என்ற பெயரில் சிரப்பாக விற்கிறது. இங்கிலாந்தில் வாழும் எங்கள் வீட்டு டோபர்மேன் நிலாவுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் இதுவே. நீண்ட காலமாக இதைக் கொடுத்துவருபவன் என்ற முறையில் என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கசிவுக்கான காரணத்தைச் சரியாகக் கண்டறிந்த பிறகு, நேரம் தவறாமல் கொடுக்க முடிந்தவர்களுக்கு இது மிக நல்ல மருந்து. அந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் பலன் குறையும். சில நாய்களுக்குத் தீங்கும் நேரலாம். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள் மட்டும் போதாது. சிறுநீர்ப் பாதையில் தாமாகவே மின்துடிப்பை எழுப்பும் சில சிறப்புச் செல்களைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்த மதிப்புரையில் மருந்துக்குக் கொடுக்கும் இடத்தை அந்தச் செல்களுக்கும் கொடுத்திருக்கிறேன்.

முதலில் நோயைப் பற்றி. லண்டனிலுள்ள அரச கால்நடை மருத்துவக் கல்லூரி நடத்தும் வெட்காம்பஸ் திட்டத்தின் ஆய்வாளர்கள், இங்கிலாந்தின் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரையில், பெண் நாய்களில் 100க்கு 3 என்ற அளவில் சிறுநீர்க் கசிவு காணப்படுவதாகக் கணக்கிட்டனர். இது எல்லா இனங்களையும் சேர்த்த சராசரி. ஐரிஷ் செட்டர் இனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றும், டோபர்மேன் இனத்தில் ஐந்தில் ஒன்றும் இந்தத் தொல்லைக்கு ஆளாவதாக அதே ஆய்வு காட்டியது. உடல் எடை மிகுந்த இனங்களில் இது கூடுதலாகவே இருக்கிறது. இந்த எண்களை நான் முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் பழக்கத்துக்குத் திரும்பிவிட்டது என்று எண்ணி அதைக் கடிந்துகொள்வோரும், இரவில் வெளியே கட்டிவைப்போரும், இறுதியில் காப்பகத்தில் விட்டுவிடுவோரும் இன்னும் இருக்கிறார்கள். உறங்கும் நாய்க்குத் தன் படுக்கை நனைவது தெரியாது. எழுந்த பிறகு ஈரத்தை முகர்ந்து பார்த்து அதுவே குழம்பி நிற்கும். இதில் பழக்கக் கேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. தசை இறுக்கத்தைக் காக்கும் ஓர் ஏற்பாடு தளர்ந்திருக்கிறது, அவ்வளவே.

அந்த ஏற்பாடு எங்கே இருக்கிறது? சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே செல்லும் புறவழிக் குழாயின் சுவரில் இருக்கிறது. சிறுநீர்ப்பை நிரம்பிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அந்தக் குழாய் சுருக்குப் பையின் வாய் போல இறுகி மூடியிருக்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் பையின் அழுத்தத்தைவிட மிகுந்திருக்கும் வரை ஒரு சொட்டும் வெளியேறாது. நாம் விரும்பி அடக்கும்போது பயன்படும் வரித்தசை இந்த வேலையில் ஒரு பகுதியையே செய்கிறது. மணிக்கணக்காக, உறக்கத்திலும் கூட, இறுக்கத்தை விடாமல் வைத்திருக்கும் பெரும் பொறுப்பு மென்தசையுடையது. தண்டுவடத்தின் இடுப்புப் பகுதியிலிருந்து வரும் பரிவு நரம்புகள் நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருளை விடுவித்து, அந்தச் செய்தியைப் பெறும் தசையிலுள்ள ஆல்பா-1 ஏற்பிகள் வழியாக அந்த இறுக்கத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. கருப்பையும் அண்டகங்களும் அகற்றப்பட்ட நாயில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதால், இந்த ஏற்பிகள் நார்அட்ரினலினுக்குக் காட்டும் பதில் மங்குகிறது. குழாய்ச் சுவரின் இழைமத்திலும் மாறுதல் வருகிறது. நாய் படுக்கும்போது வயிற்றின் எடை சிறுநீர்ப்பையை அழுத்த, தளர்ந்த குழாய் வழிவிட்டுவிடுகிறது. கசிவு பெரும்பாலும் உறக்கத்திலேயே தெரியவருவது இதனால்தான்.

இங்கேதான் நான் குறிப்பிட்ட செல்கள் வருகின்றன. நரம்பியலில் புகழ்பெற்ற, 1906ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் சான்டியாகோ ரமோன் இ கஹால், குடற்சுவரில் நரம்புக்கும் தசைக்கும் இடையே கிளைகளை நீட்டிப் பரவிக் கிடக்கும் ஒருவகைச் செல்களை நுண்ணோக்கியில் கண்டு வரைந்து வைத்தார். அவை எதற்காக இருக்கின்றன என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. விடை கிடைத்ததில் நாய்க்குப் பெரும்பங்கு உண்டு. 1980களில் நாயின் பெருங்குடல் தசையை எடுத்து ஆராய்ந்தவர்கள், சளிச்சவ்வை ஒட்டிய விளிம்பில் இந்தச் செல்கள் செறிந்துள்ள மெல்லிய அடுக்கை உரித்து எடுத்துவிட்டால் எஞ்சிய தசையில் மெதுவாக எழும் மின்னலைகள் நின்றுபோவதைக் கண்டார்கள். தசை இருந்தது, ஆனால் தாளம் போய்விட்டது. 1990களில், இச்செல்கள் வளர்வதற்குத் தேவையான கிட் என்னும் புரதத்தில் குறைபாடுள்ள எலிகளின் சிறுகுடலிலும் அந்த அலைகள் காணப்படவில்லை என்று தெரிந்ததும், குடலின் பேஸ்மேக்கர் இவைதான் என்பது உறுதிப்பட்டது. அன்றுமுதல் கிட் புரதமே இச்செல்களை அடையாளம் காட்டும் முத்திரையாகப் பயன்பட்டுவருகிறது. ஒவ்வாமையில் பங்குபெறும் மாஸ்ட் செல்களிலும் அதே புரதம் இருப்பதால், திசுவைச் சாயமேற்றிப் பார்ப்பவர்கள் இரண்டையும் பிரித்தறியக் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது.

குடலில் உறுதியானதைத் தொடர்ந்து, தாளத்தோடு சுருங்கும் பிற உறுப்புகளிலும் இவற்றைத் தேடினார்கள். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பணியாற்றிய உடலியங்கியல் ஆய்வாளர்கள், முயலின் சிறுநீர்ப் புறவழியிலிருந்து செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, தசைச் செல்களிலிருந்து தோற்றத்தில் வேறுபட்ட, கிளைவிட்ட செல்கள் தாமாகவே மின்துடிப்பை எழுப்புவதை 2000ஆம் ஆண்டில் விவரித்தனர். அவை துடிக்கும் விதம் அழகானது. செல்லுக்குள்ளே இருக்கும் கிடங்குகளிலிருந்து கால்சியம் அலையலையாக வெளிப்படுகிறது. ஒவ்வோர் அலையும் செல்லின் உறையிலுள்ள குளோரைடு வாயில்களைத் திறக்கிறது. குளோரைடு வெளியேறும்போது செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது, அந்த மாறுதல் பக்கத்திலுள்ள தசையைச் சுருங்கத் தூண்டுகிறது. நார்அட்ரினலின் இச்செல்களைத் தொடும்போது துடிப்பு விரைவுபடுகிறது. சிறுநீர் கழிக்கும் நேரத்தில் நரம்புகள் விடுவிக்கும் நைட்ரிக் ஆக்சைடு துடிப்பைத் தணித்துக் குழாயைத் திறக்க உதவுகிறது. ஆக, நாம் அசையாத இறுக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பது, எண்ணற்ற செல்கள் ஒன்றோடொன்று ஒத்திசையாமல் தனித்தனியே துடித்துக்கொண்டிருப்பதன் கூட்டு விளைவாக இருக்கக்கூடும்.

நாயின் சிறுநீர்ப்பையிலும் சிறுநீர்ப் பாதையிலும் இவ்வகைச் செல்கள் உண்டு. ஆனால் முயலில் கண்டதை அப்படியே நாயின் மீது ஏற்றிச் சொல்வது முறையாகாது. உயிரினத்துக்கு உயிரினம், ஏன், ஒரே உயிரினத்தின் உறுப்புக்கு உறுப்பு, இவற்றின் பங்கு மாறுகிறது. சிறுநீர்ப்பையின் சுவரில் தசைக்கற்றைகளின் ஓரமாகவும் உட்படலத்தின் அடியிலும் கிடக்கும் செல்கள், குடலில் போலத் தாளத்தைத் தொடங்கிவைப்பவை என்பதைவிட, நரம்பிலிருந்தும் படலத்திலிருந்தும் வரும் செய்தியைத் தசைக்குக் கூட்டியோ குறைத்தோ கடத்துபவை என்ற கருத்தே இன்று வலுவாக இருக்கிறது. சிறுநீரகத்துக்குள் சிறுநீர் முதலில் வந்து சேரும் கூடத்திலோ கதை வேறு. அங்கே தொடங்கும் சுருக்கங்கள் சிறுநீர்நாளத்தின் வழியே அலையாக இறங்கிச் சிறுநீரைப் பைக்குள் தள்ளுகின்றன. நரம்பின் உதவி இல்லாமலேயே நாளத்தின் தசை இவ்வாறு இயங்குகிறது என்று ஜெர்மானிய உடலியங்கியலாளர் தியோடோர் எங்கெல்மான் 1869ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். நரம்புகள் துண்டிக்கப்பட்டு வேறோர் உடலில் பொருத்தப்பட்ட சிறுநீரகமும் சிறுநீரைக் கீழே அனுப்பத் தவறுவதில்லை. அந்தக் கூடத்தில் தாளம் எழுப்புவதில் முதன்மை வகிப்பவை வழக்கமான தசைச் செல்லிலிருந்து சற்று மாறுபட்ட தசைச் செல்கள். கஹால் செல்களை ஒத்தவை அங்கே துணைநிற்கின்றன. ஒரே பாதையில் மேலே ஓயாத அலை, நடுவே அமைதியான சேமிப்பு, கீழே விடாத இறுக்கம் என மூன்று வேறு வேலைகள் இப்படி நடப்பதை முதன்முறை படித்தபோது, எங்கள் வீட்டில் படுத்திருந்த நிலாவை நான் புதிய மதிப்போடு பார்த்தேன்.

இப்போது சிரப்புக்கு வருவோம். பினைல்புரோபனோலமைன் நரம்பு நுனிகளிலிருந்து கூடுதல் நார்அட்ரினலினை வெளிவரச் செய்கிறது; ஏற்பிகளையும் ஓரளவு நேரடியாகத் தூண்டுகிறது. மங்கிப்போன பதிலை, கூடுதலான செய்தியால் ஈடுகட்டும் உத்தி இது. முயலின் புறவழியில் காணப்பட்டது நாய்க்கும் பொருந்துமானால், இந்த மருந்து தசையை மட்டுமல்லாமல் துடிப்பு எழுப்பும் செல்களையும் சேர்த்தே முடுக்கிவிடுகிறது என்று கொள்ளலாம். எது எப்படியானாலும், மருந்து அங்கே இருக்கும் வரைதான் இந்த ஈடு நிற்கும். அது எதையும் குணப்படுத்துவதில்லை, இழந்த ஈஸ்ட்ரோஜனைத் திருப்பித் தருவதுமில்லை. சிரப்பைக் கொடுத்த ஏறத்தாழ 1 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தை எட்டுகிறது. அதன் அரைவாழ்வு, அதாவது இரத்தத்திலுள்ள அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், நாயில் சுமார் 3 மணி நேரமே. நாளொன்றுக்கு மூன்று வேளை கொடுக்கும்படி மருந்துத் தாள் சொல்வதன் காரணம் இதுதான். இதை அறியாதவர்கள், இரண்டு வேளை கொடுத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். சில நாய்களுக்கு மருத்துவரே பின்னர் வேளையைக் குறைத்துத் தருவதும் உண்டு. ஆனால் தொடக்கத்தில் நாமாக ஒரு வேளையை விட்டுவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவது அந்த மருந்துக்குச் செய்யும் அநீதி.

நிலாவின் கசிவு பெரும்பாலும் பின்னிரவில் இருந்தது. எனவே இரவு வேளையை நாங்கள் உறங்கப் போகும் நேரத்துக்கு அருகில் வைத்துக்கொள்ளும்படி மருத்துவர் அறிவுறுத்தினார். அது பெரிய வேறுபாட்டைத் தந்தது. உணவோடு கலந்து கொடுக்க வேண்டும் என்பதும் வெறும் வசதிக்காகச் சொல்லப்பட்டதன்று. பட்டினியாக இருக்கும் நாய்க்குக் கொடுத்தால் மருந்து உடலில் சேரும் அளவு குறிப்பிடத்தக்க வகையில் கூடிவிடுகிறது. ஒரு நாள் உணவோடும் மறுநாள் வெறும் வயிற்றிலும் கொடுத்தால், ஒரே அளவு மருந்து இரண்டு வேறு விளைவுகளைத் தரும். எங்கள் வீட்டில் இரவு வேளைக்கென ஒரு சிறு கவளம் தயிர்சோற்றை ஒதுக்கி வைக்கிறோம்; அதில் சிரப்பை விட்டுப் பிசைந்து கொடுத்தால் நிலா மறுப்பதில்லை. உணவில் கலக்காமல் வாயில் நேரடியாக விட முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அளவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிரப்பின் ஒவ்வொரு மி.லி.யிலும் 40 மி.கி. மருந்து இருக்கிறது. உடல் எடையில் ஒவ்வொரு 5 கிலோவுக்கும் 0.1 மி.லி. வீதம் மூன்று வேளை என்பது மருந்துத் தாளிலுள்ள அளவு. 30 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு வேளைக்கு 0.6 மி.லி. மட்டுமே வரும். தேக்கரண்டி அளவில் மருந்து கொடுத்துப் பழகிய கைகளுக்கு இது நம்ப முடியாத அளவுக்குக் குறைவாகத் தோன்றும். ஆனால் ஒரு தேக்கரண்டி சிரப் அந்த நாய்க்கு எட்டு வேளைக்கும் மேலான மருந்து. ஆகவே உடன் வரும் சிரிஞ்சைத் தவிர வேறெதிலும் அளக்கக் கூடாது, வீட்டில் மருந்து கொடுப்பவர் ஒருவராக இருப்பது நல்லது, இருவர் இருந்தால் கொடுத்ததைக் குறித்து வைக்க ஒரு தாள் குளிர்பெட்டிக் கதவில் தொங்க வேண்டும். சிரப் வடிவத்தின் நன்மையும் இதே இடத்தில்தான் இருக்கிறது: மாத்திரையை உடைத்துப் பாதியாக்கும் தொல்லை இல்லாமல், சிறிய நாய்க்கும் எடைக்கேற்ற நுண்ணிய அளவைக் கொடுக்க முடிகிறது. புட்டி 30 மி.லி., 100 மி.லி. என இரண்டு அளவுகளில் கிடைக்கிறது. 30 கிலோ நாய்க்குப் பெரிய புட்டி ஏறத்தாழ 8 வாரங்களுக்கு வரும் என்பதால், பலன் உறுதியான பிறகு அதையே வாங்குவது சிக்கனம். தொடக்கத்தில் சிறியது போதும்.

பலன் எப்படி? நிலாவைப் பொறுத்தவரை, முதல் வாரத்திலேயே படுக்கை காய்ந்திருக்கத் தொடங்கியது, முதல் மாதம் முடிவதற்குள் கசிவு நின்றது. ஆயினும் ஒரு வீட்டின் அனுபவத்தை வைத்து எந்த மருந்தையும் போற்றிவிடக் கூடாது. 2002ஆம் ஆண்டில் பிரிட்டனின் சிறு விலங்கு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான, 50 பெண் நாய்களைக் கொண்ட ஆய்வில், இந்த மருந்தைப் பெற்றவற்றில் ஏறத்தாழ 85 விழுக்காட்டுக்கு 28 நாட்களில் கசிவு நின்றிருந்தது. அதே ஆய்வில், மருந்தில்லாத போலிச் சிரப்பைப் பெற்றவற்றிலும் மூன்றில் ஒரு பங்குக்கு நின்றிருந்தது. எனக்கு இந்த இரண்டாவது எண்தான் முதலாவதைவிட முக்கியமாகப் படுகிறது. கசிவு தானாகவே கூடிக் குறையும் இயல்புடையது. உரிமையாளரின் கவனம் கூடும்போது நாயை வெளியே அழைத்துச் செல்லும் முறையும் மாறுகிறது. மூலிகைப் பொடிகளுக்கும் சிறப்பு உணவுகளுக்கும் இணையத்தில் குவியும் பாராட்டுகளை இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்கும் 85 விழுக்காட்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இந்தச் சிரப்பின் உண்மையான சாதனை, அது பெரிய சாதனைதான்.

இனி எச்சரிக்கைகள். நார்அட்ரினலின் புறவழிக் குழாயில் மட்டும் வேலை செய்யும் பொருளன்று. இரத்தக் குழாய்களையும் அது இறுக்கும், இதயத்தையும் தொடும். எனவே மருந்து தொடங்கும் முன்பும், தொடங்கிய சில வாரங்களிலும், பிறகு அவ்வப்போதும் நாயின் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்பது நம் கடமை. இதய நோய், சிறுநீரகக் குறைபாடு, கல்லீரல் குறைபாடு, நீரிழிவு, அட்ரினல் சுரப்பி மிகையாகச் சுரக்கும் நோய், கண் அழுத்த நோய் ஆகியவை உள்ள நாய்களுக்கு மிகுந்த கவனத்தோடே கொடுக்க வேண்டும். டோபர்மேன் வளர்ப்பவர்கள் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். இந்த இனம் கசிவில் முன்னணியில் நிற்பது போலவே, இதயத் தசை விரிந்து தளரும் நோயிலும் முன்னணியில் நிற்கிறது. ஐரோப்பிய டோபர்மேன்களில் பாதிக்கும் மேற்பட்டவை வாழ்நாளில் அந்நோய்க்கு ஆளாவதாக ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அந்நோய் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல், இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையாக மட்டும் மறைந்திருக்கும். எனவேதான் நிலாவுக்கு மருந்து தொடங்கும் முன் இதய ஸ்கேனும் 24 மணி நேர இதயத் துடிப்புப் பதிவும் எடுக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தினோம். செலவு கூடியது, ஆனால் அந்தச் சோதனைகளின் விடை தெரியாமல் ஒரு டோபர்மேனுக்கு இம்மருந்தை நான் கொடுக்க மாட்டேன்.

அன்றாடம் கவனிக்க வேண்டிய பக்கவிளைவுகள் எளியவை: பசி குறைதல், மலம் இளகுதல், அமைதியின்மை, சில நாய்களில் எரிச்சல் குணம். நிலா முதல் சில நாட்கள் வழக்கத்தைவிடச் சற்று விழிப்பாக இருந்தாள், பிறகு அது அடங்கியது. மயங்கி விழுந்தாலோ, இதயம் தாறுமாறாகத் துடிப்பதாக உணர்ந்தாலோ, அடுத்த வேளையைக் கொடுக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். முதிய நாய்களின் நினைவுத் தடுமாற்றத்துக்குக் கொடுக்கப்படும் செலிஜிலின் போன்ற மருந்துகளை நாய் ஏற்கெனவே உட்கொள்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்வது ஆபத்தாகலாம். மனிதர்களுக்கும் இது ஆபத்தானது. ஒரு காலத்தில் சளி மருந்துகளிலும் பசியைக் குறைக்கும் மாத்திரைகளிலும் இது பரவலாக இருந்தது. மூளையில் இரத்தக்கசிவோடு இதற்கிருந்த தொடர்பை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய பிறகு, 2000ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மனிதர்களுக்கான தயாரிப்புகளிலிருந்து இதை விலக்கிக்கொள்ளும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. எனவே இனிப்பான இந்தச் சிரப்பைக் குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும், கொடுத்த பிறகு கைகளைக் கழுவ வேண்டும்.

மருந்துக்கு முன் நடக்க வேண்டிய சோதனைகளே எனக்கு மருந்தைவிடப் பெரிதாகத் தோன்றுகின்றன. வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் நாய் அதிகமாகவே சிறுநீர் கழிக்கும். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ அதன் பின்னால் இருக்கலாம். அந்த நாய்க்குச் சிரப்பைக் கொடுத்தால் நோய் மறைந்து நின்று முற்றும். சிறுநீர்த் தொற்று, கல், கட்டி ஆகியவையும் கசிவாகத் தோன்றக்கூடும். ஆகவே சிறுநீர்ச் சோதனையும் கிருமி வளர்ப்புச் சோதனையும் இல்லாமல் புட்டியைத் திறக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட நாய்க்குக் கசிவு இருந்தால், சிறுநீர்நாளம் பையில் சேராமல் புறவழியிலோ யோனியிலோ போய்த் திறக்கும் பிறவிக் குறையை முதலில் ஐயுற வேண்டும். அங்கே மேலிருந்து இறங்கும் தாள அலை ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஆனால் சிறுநீர் வாயிலைச் சுற்றிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. எந்தச் சிரப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது, அறுவைதான் வழி. இன்னொரு செய்தி: இந்தச் சிரப்பின் பலன் மெய்ப்பிக்கப்பட்டிருப்பது கருத்தடை செய்த பெண் நாய்களில்தான். பழக்கத்தால் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் நாய்க்கு இது பொருந்தாது.

மாற்றுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரியால் அடங்கிய இன்குரின் மாத்திரை நாளுக்கு ஒரு வேளை போதும். எடையைப் பொருட்படுத்தாமல் 2 மி.கி.யில் தொடங்கி, பலன் கிடைத்ததும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போகலாம். ஏற்பிகள் மீண்டும் கூர்மை பெற உதவுவது அதன் வழி. அலுவலகம் செல்பவர்களுக்கும், நண்பகல் வேளையைக் கொடுக்க வீட்டில் ஆளில்லாதவர்களுக்கும் அதுவே ஏற்றது என்பேன். இரத்த அழுத்தக் கவலையும் அதில் குறைவு. மடிக்காம்பு பெருத்தல், பிறப்புறுப்பு வீங்குதல், ஆண் நாய்கள் தேடி வருதல் போன்றவை சில நாய்களில் தோன்றி, அளவைக் குறைத்ததும் மறைகின்றன. ஒன்று மட்டும் போதாத நாய்களுக்கு மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு: ஒன்று ஏற்பியைத் தயார்செய்ய, மற்றது செய்தியைக் கூட்ட, இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்ற புரோயின் என்னும் மெல்லும் மாத்திரையில் இருப்பதும் பினைல்புரோபனோலமைன்தான். அதன் சுவை நாய்களுக்கு மிகவும் பிடித்துப்போய், மூடிய புட்டியைக் கடித்துத் திறந்து மொத்தமாக விழுங்கிய நாய்கள் உண்டு என்பதால் அந்த எச்சரிக்கையே அதன் மருந்துத் தாளில் இடம்பெற்றிருக்கிறது. அந்த வகையில் சிரப் சற்றே பாதுகாப்பானது. மருந்துகளுக்கு அடங்காத கசிவுக்கு, புறவழியைச் சுற்றிப் பொருத்தும் செயற்கை வளையம் உள்ளிட்ட அறுவை முறைகள் இருக்கின்றன.

பிரிட்டனில் இதை மருத்துவரின் எழுத்துச் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, பதிவுபெற்ற இணைய மருந்தகத்தில் வாங்கினால் விலை பெரும்பாலும் குறைவாக இருக்கும். சீட்டுக்கான கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்து முடிவுசெய்யலாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ளவர்கள், இந்த மருந்தை வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் வரவழைத்துத் தாமாகக் கொடுக்க முற்படாமல், அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகி, அங்கே கிடைக்கும் மாற்றைக் கேட்பதே சரி. ஐந்துக்கு நான்கரை என்று இதற்கு மதிப்பெண் கொடுக்கிறேன். அரை மதிப்பெண்ணைக் குறைத்தது மூன்று வேளைக் கட்டாயத்துக்காக. நீண்ட நேரம் நிலைத்து நிற்கும் வடிவம் ஒன்று பிரிட்டனிலும் பரவலாகக் கிடைக்குமானால் அதையும் மகிழ்ச்சியோடு கொடுத்துப் பார்ப்பேன். நிலாவின் அடுத்த இரத்த அழுத்தச் சோதனையும் இதய ஸ்கேனும் ஒரே நாளில் அமைந்திருக்கின்றன. அவற்றின் முடிவைப் பொறுத்துதான் அடுத்த பெரிய புட்டியை வாங்குவோம்.